பிடரி பார்ப்பவர்

மாப்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று திடுக்கிட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் கைகளைத் தொங்கவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போலச் சாதாரணமாக நிற்பார். உதடு அசையும். ஒன்று, இரண்டு, மூன்று. நான்குக்குத் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் தூக்கிப்போடும், கை நெஞ்சுக்கு வரும், தலை ஒரு பக்கமாக வெட்டும். பிறகு கண்ணாடியில் தன்னையே பார்த்து, சரியில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்குவார். மறுபடியும் கைகளைத் தொங்கவிடுவார். மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று.

கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. அந்த நாலு விரலுக்குள் ஒரு கண்ணை வைத்து நின்றிருந்த மாமனாருக்குச் சந்தோஷத்தில் நெஞ்சை அடைத்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? இடிந்து விழுவது பெற்ற மகளின் குடும்பம், அதைப் பார்த்துச் சந்தோஷப்படலாமா என்றெல்லாம் பிறகுதான் தோன்றியது. முதலில் வந்தது சந்தோஷம். இருபத்திரண்டு வருஷம் வலை வீசியே பழகினவன், மீன் விழுந்தால் அது யார் வீட்டு மீன் என்று விசாரித்துவிட்டா துள்ளுவான்?

ஆபீஸில் அவருக்கு ‘சந்தேகம் சார்’ என்று பெயர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் அதை ஒரு பட்டம்போல வாங்கிக்கொள்வார். போரில் காயம்பட்டுத் திரும்புகிறவர்களைப் பரிசோதிக்கிற வாரியத்தில் சரிபார்ப்பவர் உத்தியோகம். கை போனவன், கால் போனவன் எல்லாம் அவர் பக்கம் வரமாட்டான். டாக்டர் பார்த்தாலே போதும். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், தூக்கம் வரவில்லை, சத்தம் கேட்டால் என்னவோ ஆகிறது என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருவானே, அவன்தான் அவருக்கு. மனக்காயம் என்று வாரியம் ஒப்புக்கொண்டால் அவனுக்குச் சிகிச்சை, வீடு. இல்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் எல்லைக்கு. ஒரு ஆளுக்கு டாக்டரிடம் இருப்பது ஆறு நிமிஷம். ஆறு நிமிஷத்தில் மனசை எங்கே போய்த் தேடுவது? அதனால் டாக்டர் சந்தேகம் சாரைப் பார்ப்பார். சந்தேகம் சார் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். அவ்வளவுதான் பரிசோதனை.

வாரியத்தின் பின்னறையில் பழைய கோப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். வேலை இல்லாத நாட்களில் அவர் அதை எடுத்துப் படிப்பார். அவர் பிறப்பதற்கு முந்திய போரில் திரும்பி வந்தவர்களைப் பற்றி, குண்டுச் சத்தம் மூளையைக் குலுக்கிவிட்டது என்று எழுதியிருந்தது. அதே கோப்பில் பத்துப் பக்கம் தள்ளி, வேறு மசியில், ‘கோழை’. அடுத்த போரில் அது நரம்புத் தளர்ச்சி ஆயிற்று. அதற்கும் அடுத்ததில் சண்டைக் களைப்பு. மூன்று நாள் தூங்க வை, சூடாகச் சாப்பாடு போடு, பீரங்கிச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே படுக்கப் போட்டு வைத்தியம் பார், நாலாம் நாள் திருப்பி அனுப்பு என்று அதற்கு ஒரு சுற்றறிக்கைகூட இருந்தது. இப்போது மனக்காயம், பதினேழு கேள்விகள். போருக்குப் போர் ஒரு பெயர். ஊருக்கு ஊர் பெயரை மாற்றிக்கொண்டு திரிகிறவனை நாம் என்ன சொல்வோம்? வியாதிக்கு மட்டும் என்ன தனி நியாயம் என்பது சந்தேகம் சாரின் கட்சி.

அவருடைய ஆயுதம் ஒரு ஸ்டீல் ஸ்கேல். வந்தவனை டாக்டருக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இவர் பின்னால் போய் நின்றுகொள்வார். டாக்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்கேலைத் தரையில் போடுவார். முகம் பொய் சொல்லும், பிடரி சொல்லாது என்பது அவர் சித்தாந்தம். சத்தம் எழும்பிய அந்தக் கணத்திலேயே பிடரி சுருங்கினால் நிஜம். ஒரு நொடி கழித்துத் தூக்கிப்போட்டால் நடிப்பு. அசையவே இல்லையா, ‘திடகாத்திரம்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். இந்த மூன்று வரிச் சட்டம் தலைமை அலுவலகம் வரைக்கும் போய், ஆறு வருஷத்துக்கு முன்னால் எல்லா ஊர் வாரியங்களிலிருந்தும் நாற்பது பேரை வரவழைத்து, இவரை வைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். இன்றைக்கு எந்த ஊர் வாரியத்துக்குப் போனாலும் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அதை வைத்து யாரும் கோடு போடுவதில்லை.

மகள் போன் செய்தது போன வாரம். அவள் வேறு ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். புருஷன் ராணுவத்தில் லாரி டிரைவர். முன்வரிசைக்குச் சாமான் கொண்டுபோகிற வண்டி. நாலு மாதத்துக்கு முன்னால் மருத்துவ விடுப்பில் வந்தவர் வண்டிச் சாவியைக் கையால் தொடுவதில்லை, கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை, கூப்பிட்டால் சில சமயம் திரும்பிப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தபோது உள்ளே அவர் போனில் பழைய சிநேகிதன் யாரிடமோ பேசுவது காதில் விழுந்தது: “இப்பப் பரவால்லடா, பத்துக்கு ஏழு வாட்டி நல்லா வருது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்.” சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமைதான் அவருக்கு வாரியம். சந்தேகத்தில் அவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், அந்தச் சிரிப்பை அவளால் முழுங்க முடியவில்லை.

“அப்பா, நீங்க வந்து ஒரு வாரம் இருங்க. பாத்து சொல்லுங்க. நிஜமாவே முடியலைன்னா ஆயுசு பூரா நான் வெச்சுப் பாத்துக்கறேன். நாலு மாசமா என்னை ஏமாத்தியிருக்காருன்னா, உங்ககூடவே கிளம்பி வந்துடறேன்.”

ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதினவருக்கு இப்படி ஒரு கோப்பு வரும் என்று யார் கண்டார்கள்? ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து இறங்கினார். மாப்பிள்ளையிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. கடைவாய்ப் பல் வலிக்கிறது, இங்கே நல்ல பல் டாக்டர் இருப்பதாகச் சொன்னார்கள் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மகள் காலையில் வேலைக்குப் போனபிறகு மாமனாரும் மாப்பிள்ளையும் மட்டும்தான் வீட்டில். சந்தேகம் சார் கண்கொத்திப் பாம்பாக இருந்தார். முதல் நாளே சோதனை நடந்துவிட்டது. மாப்பிள்ளை கூடத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் பின்னால் சமையலறையில் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கை தவறியதுபோலக் கீழே போட்டார். தட்டு சுழன்று சுழன்று அடங்கியது. மாப்பிள்ளையின் பிடரி அப்படியே இருந்தது, ஒரு மயிர்க்கால் அசையவில்லை. ‘அசைவு இல்லை. திடகாத்திரம்’ என்று மனசுக்குள் எழுதிக்கொண்டு, திருப்தியாகப் பின்பக்கம் போய் நின்று ஒரு டீ குடித்தார். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை கடைக்குப் போனபோது பின்னாலேயே போனார். நேரே ரோட்டைத் தாண்டினால் கடை. ஆனால் மாப்பிள்ளை லாரி போகிற ரோட்டோரத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, கால் கிலோமீட்டர் நடந்து மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் போனார். யாராவது பார்த்தால் பரிதாபப்படட்டும் என்று செய்கிற வேலையா? சுற்றுமுற்றும் பார்த்தார், பார்க்க இவரைத் தவிர யாரும் இல்லை. அது கொஞ்சம் இடித்தது. இடித்ததை ஓரமாக வைத்துவிட்டார். புதன்கிழமை காலையில் கண்ணாடி.

இதற்கு மேல் என்ன வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கதவை ஒரே தள்ளாகத் தள்ளினார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. வாங்க மாமா என்று கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார்.

“நீங்க பல்லுக்கு வரலைன்னு தெரியும் மாமா. முந்தாநாள் இடது கன்னத்தப் பிடிச்சீங்க, நேத்து வலது கன்னம்,” என்றார். “அது கிடக்கட்டும். இப்ப ஒரு வாட்டி செய்யறேன், சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்க. உங்களை விட்டா வேற யாருக்கு இது தெரியும்?”

சந்தேகம் சாருக்குக் கட்டிலில் உட்காரத்தான் முடிந்தது. திருடன் போலீஸ்காரனிடமே பூட்டு திறக்க யோசனை கேட்டதுபோல இருந்தது. மாப்பிள்ளை ஒளிக்காமல் சொன்னார். திரும்பி வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஸ்கேல் தெரியும். வாரியத்தில் பின்னால் ஒரு ஆள் நிற்பான், எதையோ கீழே போடுவான், தூக்கிப்போட்டால்தான் வியாதி என்று ஒத்துக்கொள்வான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, போனில் பேசிப் பேசிப் பழகுகிறார்கள். அது மாமாவின் யோசனை என்பதும் தெரியும். கல்யாணப் பந்தலிலேயே மாமாவின் ஆபீஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூக்கிப்போடுகிற வியாதி சிலருக்கு இருக்கிறது, அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தனக்கு அது வரவில்லை.

“எனக்கு ஆட வராது மாமா. நின்னுடுது,” என்றார்.

எது நின்றுவிடுகிறது என்று சந்தேகம் சார் கேட்டார். கேட்ட குரலில் ஈரம் இல்லை. வாரியத்தின் குரல்தான் வந்தது. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு வண்டிக்கு மேல் போக முடியாத பாதை. வரிசையாக ஒன்பது லாரி. இவருடையது நாலாவது. மூன்றாவது லாரி கண்ணெதிரே வெடித்துப் பள்ளத்தில் விழுந்தது. முன்னால் எடு, முன்னால் எடு என்று எல்லாரும் கத்தினார்கள். கத்தினது தனக்குக் கேட்கவே இல்லை என்றார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, கால் பெடலில்தான் இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. இவர் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் அதற்குப் பின்னால் நகர முடியாமல், அடுத்த குண்டு விழுந்த ஐந்தாவது வண்டியில்—

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சந்தேகம் சாரின் மூளை என்ன செய்துகொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? நல்ல கதை, வெகு நல்ல கதை என்று எடைபோட்டுக்கொண்டிருந்தது. கெட்டிக்கார நடிகன் இதைத்தானே சொல்வான்? மாமனார் தன் யோசனையில் பெருமைப்படுகிறவர் என்று தெரிந்து, அந்த இடத்திலேயே கையை வைக்கிறான் பார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஒரு புதன்கிழமைக் காலையில் விட்டுப்போகுமா? பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி, திறந்திருந்த பீரோக் கதவை ஓங்கி அறைந்து சாத்தினார். ஆனால் இந்தத் தடவை அவர் உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளைக்கு நேர் எதிரே. அப்படி ஒரு இடத்திலிருந்து அவர் யாரையும் சோதித்ததே இல்லை.

மாப்பிள்ளையின் உடம்பு அசையவில்லை. தோள் ஏறவில்லை. கண் திறந்தே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. நெற்றியில் மயிர் தொடங்குகிற இடத்தில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. மடியில் இரண்டு கைகளும் எதையோ சுற்றிப் பிடித்ததுபோல மடங்கி, கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன. மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். எழுந்து போய்க் காதருகே கூப்பிட்டார். ஜன்னல் வழியாக வந்த ஒரு ஈ மாப்பிள்ளையின் கன்னத்தில் உட்கார்ந்து, மெல்ல மேலேறி, கண்ணின் கீழ் இமையில் போய் நின்றது. இமைக்கவில்லை. சந்தேகம் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம். தொழில் தெரிந்த எவனும் எதை வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம், ஆனால் ஈயை ஏற்பாடு செய்ய முடியாது. முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது.

பிறகு மாப்பிள்ளை ஒரு தடவை மூச்சை இழுத்தார். ஈ பறந்தது.

“—நாலு பேர் இருந்தாங்க மாமா,” என்றார், விட்ட இடத்திலிருந்து. நடுவில் நாலு நிமிஷம் போனது அவருக்குத் தெரியவில்லை. பீரோக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஓ என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை தட்டைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையை இதே நிலையில் விட்டுவிட்டுத்தான் அவர் பின்பக்கம் போய் டீ குடித்திருக்கிறார். அது நினைவுக்கு வந்ததும் கூடவே இன்னொன்றும் வந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நெட்டையாக ஒரு ஆள். ஸ்கேல் விழுந்தும் ஆடவில்லை. திடகாத்திரம் என்று எழுதி, போகலாம் என்றபோது அவன் எழுந்திருக்கவில்லை. காது கேக்கலையாய்யா, எழுந்திரு என்று இவர்தான் பின்னாலிருந்து தோளைப் பிடித்து உலுக்கினார். ஆபீஸ் உதவியாளர்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். போகிறதுக்கு மனசே இல்லை பார் அவனுக்கு என்று டீ நேரத்தில் எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அவன் எல்லைக்குப் போனான். அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று கேட்பது இவர் வேலை இல்லை. ஒரு நொடி தாமதமாகத் தூக்கிப்போட்டார்களே, நடிப்பு என்று இவர் பிடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்பினாரே, அவர்களில் எத்தனை பேர் இப்படிக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டு வந்த நிஜ நோயாளிகள்? வியாதி இருக்கிறவனையே வியாதி இருப்பதுபோல நடிக்கவைத்து, பிறகு நடிக்கிறான் என்று பிடித்திருக்கிறார். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் மகள் வந்து பையை வைத்ததும் நேரே சமையலறைக்கு அவரைக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடியை, ஈயை, லாரியை, தன் ஸ்கேலை.

“அப்ப நடிக்கிறாரு,” என்றாள்.

“நடிக்கிறாரும்மா. ஆனா வியாதி நிஜம்.”

“ரெண்டும் எப்படிப்பா ஒண்ணா இருக்கும்? நீங்க எப்பவும் ஒரு வார்த்தைதானே எழுதுவீங்க. அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்க.”

அவரால் சொல்ல முடியவில்லை. அவள் அவரையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் அவர் அதை மாட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறார். கல்யாணமான பொண்ணு திரும்பி வந்துட்டா நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு யோசிச்சு இப்படிப் பேசறீங்களா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதையும் அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அறைக்குப் போய்ப் பீரோ மேலே இருந்த தன் பெட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லியாயிற்று, நானும் வாரியத்துக்கு வருகிறேன், என் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை சந்தேகம் சார் தன் சட்டத்துக்கே குழி தோண்டிப் பார்த்தார். எந்தக் கணத்தில் பிடரி சுருங்க வேண்டும், எந்தத் தோள் முதலில் ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியாததா? அவரே சொல்லிக்கொடுத்தால் எந்த வாரியத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மாப்பிள்ளை எண்ணிக்கைக்கு அழகாகத் தூக்கிப்போட்டார், பத்துக்குப் பத்து. எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு கரண்டியைப் போட்டதும் கல்லாகிவிட்டார். மறுபடியும் கரண்டி, மறுபடியும் கல். சத்தமே இல்லாத இடத்தில்தான் அவருக்குத் திடுக்கிட வந்தது. மூன்றாவது தடவைக்கு மேல் கரண்டியைப் போட மாமனாருக்குக் கை எழவில்லை. கரண்டியைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்த ஊர் வாரியம் இரண்டாவது மாடியில். நீள நடை, சுவரோரம் பெஞ்சு, கையில் நம்பர் சீட்டோடு முப்பது பேர். படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டு, ஒருவர் தூக்கிப்போட, தோள் லேட்டாகுது என்று மற்றவர் திருத்திக்கொண்டிருந்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சந்தேகம் சாரின் வயசைப் பார்த்து, யாருக்காக வந்திருக்கீங்க, முதல் தடவையா என்று விசாரித்தார். விசாரித்துவிட்டு, பின்னால் ஒரு ஆள் நிற்பான் என்று ஆரம்பித்து, மூன்று வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தேகம் சார் எழுந்து கதவைத் தட்டினார். அங்கே சரிபார்ப்பவராக இருந்தவர் அவருடைய வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். சார், நீங்களா என்று எழுந்தே விட்டார். இவர் தணிந்த குரலில் சொன்னார். நாம் நின்று பார்க்கிற இடம் தப்பு, முன்னால் வந்து பார்க்க வேண்டும், அசையாமல் உட்கார்ந்திருப்பது திடகாத்திரம் இல்லை, இத்தனை வருஷம் நான் சொன்னது தப்பு. அந்த மனுஷர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்றார். மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதுமே அவர் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

“சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. சொந்தக்காரங்க வந்து என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்கன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. எழுதிகூட வெச்சிருக்கேன்.”

வெளியே உட்காருங்கள், டீ சொல்கிறேன் என்று கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். சந்தேகம் சாருக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் டீகூடச் சொல்லியிருக்கமாட்டேன் என்று தோன்றியது.

மாப்பிள்ளையின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தியது. உள்ளே டாக்டரின் குரல், மாப்பிள்ளையின் குரல், கொஞ்சம் பொறுத்து ஒரு உலோகச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடை முழுக்க முப்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் குரல் கேட்கவில்லை. பெஞ்சு விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருந்த மகள் அதை நிறுத்தினாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். அந்த நம்பர்க்காரர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முன்னே போனவர் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றார்.

சந்தேகம் சார் எழுவதற்குள் மகள் போய்விட்டாள். அவர் வாசற்படி வரைக்கும்தான் எட்ட முடிந்தது. உள்ளே டாக்டர் அடுத்த கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸ் உதவியாளர் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்து, சார், முடிஞ்சுடுச்சு, எழுந்திரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பின்னால் சரிபார்ப்பவர் அட்டையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ‘திட’ வரைக்கும் எழுதியாயிற்று. வாசலிலிருந்து பார்த்தவருக்கு மாப்பிள்ளையின் பிடரி மட்டும் தெரிந்தது. கருத்து, வழவழப்பாக, யாருடைய பிடரியாகவும் இருக்கலாம் என்பதுபோல இருந்தது.

யாரம்மா நீ, உள்ளே வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மகள் காதில் வாங்கவில்லை. நாற்காலியைச் சுற்றி முன்னால் போனாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டாக்டர் மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே இருந்த இடுக்கில், தரையில், முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். அவள் கூப்பிடவில்லை, உலுக்கவில்லை. மடியில் இறுகியிருந்த அவர் கைகளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, முதலில் சுண்டுவிரலைப் பிரித்தாள். அது மறுபடியும் மடங்கியது. மறுபடியும் பிரித்து, மடங்காமல் தன் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த விரலுக்குப் போனாள்.

டாக்டர் கோப்பை மூடினார். எழுதிக்கொண்டிருந்த பேனா தாளை விட்டு மேலே நின்றது. சரிபார்ப்பவர் மேலேயிருந்து மகளின் முகத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற சந்தேகம் சாரைப் பார்த்தார், மறுபடியும் மகளைப் பார்த்தார். பேனாவைப் பிடித்தபடியே நாற்காலியின் பக்கவாட்டில் ஒரு காலை எடுத்து வைத்தார்.

மகள் மூன்றாவது விரலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.